கல்வெட்டில் மாந்தர் வரலாறு தேடல்: உடையார்குடிச் சாசனம் ஓர் ஆய்வு

ஒருவரைப் பற்றி அறிய வேண்டின் அவர் வாய்மொழியை மட்டும் கொள்ளாது, ஊரறியப் பதிந்து வைக்கப்பெற்ற ஆவணங்களையும் பார்த்தல் உலக வழக்கு. நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று கேட்பதும், பணியில் அமர்த்துவோர் முன்னைய பதிவுகளை ஆராய்வதும் இவ்வழக்கின் இக்கால வடிவங்களே. இவ்வழக்கு நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழ்நாட்டு ஊரவைகள் தம் உறுப்பினர்தம் உடைமை, ஒழுக்கம், உறவு ஆகியவற்றை ஆராய்ந்தே அவர்களைப் பொறுப்பில் அமர்த்தின. விற்பனை, கொடை, தண்டனை, ஊதியம் ஆகிய பலவும் கோயிற் சுவர்களில் பொறிக்கப்பெற்றன. அச்சுவர்களே அக்காலத்தின் பதிவு அலுவலகம் எனலாம்.

இன்றைய வரலாற்றாசிரியன் சோழர் கால மாந்தர் ஒருவரைத் தேடிப் புறப்படும்போது அவனுக்குக் கிடைக்கும் பொது ஆவணம் கல்வெட்டே. ஆயின், ஆவணம் ஒன்று கிடைத்தவுடன் ஆள் கிடைத்துவிட்டதாகக் கொள்ளல் பொருந்துமா? ஓர் ஆவணம் எத்துணைச் செய்தி சொல்லும்? அது சொல்லாத இடத்தில் ஆராய்ச்சியாளன் எவ்வளவு சொல்லலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண உடையார்குடிச் சாசனத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பட்டத்துக்குரிய இளவரசன் ஒருவன் கொலையுண்ட செய்தியையும், கொன்றவர்தம் பெயர்களையும் தாங்கி நிற்பது அது. அதனைக் கொண்டே மன்னன் ஒருவன்மேல் கொலைப்பழி சுமத்தப்பெற்றும் இருக்கின்றது. ஆதலின் அதனை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நம் கடமையாகின்றது.

1. சோழர் ஆவணங்களில் தனிமாந்தர்

முதற்கண், அக்கால ஆவணங்கள் ஒரு மனிதரை எவ்வாறு குறித்தன என்பதை அறிதல் வேண்டும். இயற்பெயர் மட்டும் கூறி நிறுத்தும் வழக்கம் அவற்றில் அருகியே காணப்படும். ஊர்ப்பெயர், அவ்வூரில் அவருக்கிருந்த உரிமையைக் காட்டும் உடையான், கிழவன் போன்ற சொற்கள், தந்தை பெயர், இயற்பெயர், அரசன் அளித்த சிறப்புப்பெயர் எனப் பல அடுக்குகளாகப் பெயர் அமையும். இயற்பெயருக்கும் சிறப்புப்பெயருக்கும் இடையே ‘ஆன’ என்னும் சொல் நிற்கும். ஒரே பெயருடையார் பலரிருந்த காலத்தில் இவ்வடுக்குகளே ஒருவரை மற்றவரினின்றும் பிரித்துக் காட்டின.

எனினும், இங்கு இடர்ப்பாடு ஒன்று உண்டு. சிறப்புப்பெயர் அரசன் மாறுந்தொறும் மாறக் கூடியது. ஒரே சிறப்புப்பெயரைப் பலர் தாங்கலும் கூடும். ஊரும் தந்தை பெயரும் ஒத்திருந்தாலன்றி இரு கல்வெட்டுகளில் வரும் ஒரே பெயரை ஒருவருக்குரியதெனத் துணிதல் தவறாகும். நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்து 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பெயரடைவு, இத்தகைய ஒப்பீட்டிற்குப் பெருந்துணையாயிற்று. அடைவு பெயரைக் காட்டும். ஆளைத் துணிவது ஆய்வாளன் பொறுப்பு.

ஆவணம் மாந்தரை எத்துணை நுட்பமாகக் குறிக்கவல்லது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு சான்றாகும். முதலாம் இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டில், பல தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து தஞ்சையிற் குடியேற்றிய செய்தியை அது கூறுகின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்காக ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் வகுக்கப்பெற்றது. அப்பெண்டிர் ஒவ்வொருவரும் இருந்த தெருச்சிறகு, வீட்டு வரிசை, முன்னர்ப் பணிபுரிந்த தளி ஆகியன பெயருடன் பொறிக்கப்பெற்றுள்ளன. திருவாரூரிலிருந்து வந்தவர் இவர், திருவையாற்றிலிருந்து வந்தவர் இவர், பழையாற்றிலிருந்து வந்தவர் இவர் என இன்றும் நாம் பிரித்துக் கூறமுடிகின்றது. ஆனால், அவர்கள் விரும்பி வந்தனரா, விட்டுவந்த ஊரை நினைந்து வருந்தினரா என்பவற்றை அக்கல்வெட்டு கூறாது. நெற்பங்கு எவரைச் சாரும் என்பதே அதற்கு வேண்டிய செய்தி. ஆவணம் தனக்கு வேண்டியதையே பதியும் என்னும் இவ்வுண்மையை மேலும் செல்லுமுன் மனங்கொளல் வேண்டும்.

2. உத்தரமேரூரும் உறவு ஆராய்ச்சியும்

ஒருவர்தம் பின்னணியை ஆராய்ந்து பார்த்தற்கெனவே விதி வகுத்த ஆவணங்கள் உத்தரமேரூரில் உள்ளன. முதற் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் வாரியத் தேர்தலுக்குரிய விதிகளை அமைத்தனர். 30 குடும்புகளிலும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் முறை பலரும் அறிந்ததே. குடத்திலிடப்படும் ஓலையிற் பெயர் இடம்பெறுதற்கு உரியவர் யார் என்பதே ஈண்டு நாம் நோக்கத்தக்கது.

இரண்டாம் கல்வெட்டின்படி, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், தம் மனையில் தாமே எடுத்த வீட்டில் வாழ்பவராகவும், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் உள்ளவராகவும், கல்வியும் ஒழுக்கமும் நல்வழியில் ஈட்டிய பொருளும் உடையவராகவும் அவர் இருத்தல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருத்தல் கூடாது. இவையனைத்தும் ஒருவர்தம் சொந்தத் தகுதிகள். இவற்றை ஆராய நிலக்கணக்கும் வாரியக் கணக்கும் போதும்.

ஆயின், விதி அத்துடன் நிற்கவில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவன் மட்டுமன்றி, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயுடன் பிறந்தான், தந்தையுடன் பிறந்தான், தன்னுடன் பிறந்தான், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தந்தை, மகன் ஆகியோரும் விலக்கப்பெற்றனர். கணக்குக் காட்டாமை ஒருவன் குற்றம். அதன் நிழலோ உறவு முழுவதன்மேலும் வீழ்ந்தது. பொதுப்பணம் உறவினர் கைக்குள் சுழலாது காத்தற்கு இவ்விதி பயன்பட்டிருத்தல் கூடும். ஆதலின் இதனை வெறுங்கொடுமை எனத் தள்ளுதல் இயலாது. ஆயினும், குற்றமற்ற ஒருவன் தன் மாமனுடைய கணக்கினால் தகுதி இழந்தான் என்பதும் மறுக்கவொண்ணாதது. ஒருவனை அறிவதென்பது அவன் சுற்றத்தை அறிவதே என்பது அக்கால ஆவணங்களின் அடிப்படைக் கொள்கை. உடையார்குடிச் சாசனம் இக்கொள்கையின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றது.

3. உடையார்குடிச் சாசனம் கூறுவன

கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்தது உடையார்குடி. இப்பகுதி அக்காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கியது. வீரநாராயணன் என்பது முதற் பராந்தகனின் சிறப்புப்பெயர். அருகிலுள்ள வீராணம் ஏரியும் அப்பெயராலேயே அமைந்தது. இங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில் அமைந்த கல்வெட்டொன்று 1920-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 577-ஆம் எண்ணாகப் படியெடுக்கப்பெற்றது. பின்னர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் அதனை எபிகிராபியா இண்டிகாவின் 21-ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

கோவிராசகேசரிவர்மரின் இரண்டாம் ஆண்டில், அவ்வூர்ச் சபையாராகிய பெருங்குறிப் பெருமக்களுக்கு அரசன் விடுத்த திருமுகம் இக்கல்வெட்டில் இடம்பெறுகின்றது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர் எனச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோர் அதிற் சுட்டப்பெறுகின்றனர். இவர்தம் உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மகளிரை மணந்தோர் ஆகிய அனைவர்தம் உடைமைகளும் அரசாணைப்படி விற்கப்பட வேண்டும் என்பது கட்டளை. இதனைக் கண்காணிக்கக் கொட்டையூரினர் ஒருவரும் புள்ளமங்கலத்தவர் ஒருவரும் அமர்த்தப்பெற்றனர். இவ்வாறு விற்கப்பட்ட நிலம் கோயில் அறம் ஒன்றுக்கு வந்துசேர்ந்தமையாலேயே, இத்திருமுகம் கல்லில் ஏறியது.

இராசகேசரி என்பது சோழ மன்னர் மாறிமாறித் தாங்கிய பட்டம். ஆதலின் இம்மன்னன் யாவன் என்னும் வினா எழும். கொலையுண்டவன் சுந்தர சோழனின் மூத்த மைந்தனாகிய இரண்டாம் ஆதித்தன். சுந்தர சோழனும் இராசகேசரியே எனினும், அவனது இரண்டாம் ஆட்சியாண்டு ஆதித்தன் இறப்பிற்குப் பல்லாண்டு முற்பட்டது. அடுத்து ஆண்ட உத்தம சோழன் பரகேசரி. எனவே, இவ்விராசகேசரி கி.பி. 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனே எனத் துணியலாம். ஆதித்தன் இறந்தது ஏறத்தாழ கி.பி. 969 எனக் கொள்வர். அங்ஙனமாயின், கொலைக்கும் இவ்வாணைக்கும் இடையே பதினாறு ஆண்டுகட்கு மேல் கழிந்துள்ளன.

4. உத்தம சோழன்மேல் எழுந்த பழி

இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியே பழிக்கு வித்தாயிற்று. உத்தம சோழன் ஆட்சியிற் குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை. இராசராசன் பட்டமேறிய இரண்டாம் ஆண்டிலேயே நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆதலின் உத்தம சோழனுக்கு இக்கொலையில் தொடர்பிருந்தது என்பது நீலகண்ட சாத்திரியார் கொண்ட முடிபின் சாரம். திருவாலங்காட்டுச் செப்பேடு இதற்குத் துணையாகக் கொள்ளப்பட்டது. ஆதித்தன் மறைவுக்குப் பின் குடிகள் அருள்மொழிவர்மனை அரசேற்க வேண்டினர் எனவும், தன் சிறிய தந்தை நாட்டை விரும்பியதால் அவன் அதனை உள்ளத்தாலும் கொள்ளவில்லை எனவும் அச்செப்பேட்டு வடமொழிப் பகுதி கூறுகின்றது. இவ்விரு சான்றுகளையும் இணைத்தே அம்முடிபு எழுந்தது. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் இதனை மறுத்து, உத்தம சோழனைக் குற்றவாளியெனக் கொள்ளுதற்கு இடமில்லை என்றார்.

இனி, சான்றுகளை மட்டும் முன்வைத்து நோக்குவோம்.

முதலாவதாக, உடையார்குடிச் சாசனத்தின் நோக்கம் கொலை வழக்கின் தீர்ப்பைப் பதிதல் அன்று. நிலம் கைமாறிய உரிமையை நிலைநாட்டலே. நிலம் யாரிடமிருந்து எவ்வாறு வந்தது என்பதைக் காட்டவே திருமுகம் எடுத்தாளப்பெற்றது. எனவே, அச்சாசனத்தின் ஆண்டு உடைமை விற்பனைக்குரிய ஆண்டேயன்றி விசாரணை தொடங்கிய ஆண்டென்றோ, குற்றவாளிகள் முதன்முதல் தண்டனை பெற்ற ஆண்டென்றோ கொள்ளுதற்கு அதன்கண் சொல் எதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டில் உடைமைகள் விற்கப்பட்டன என்பது ஆவணம் கூறுவது. அதுவரை ஒன்றும் நிகழவில்லை என்பது நாம் சேர்த்துக் கொண்டது.

இரண்டாவதாக, இச்சாசனம் ஓர் ஊர்ச் சபைக்கு மட்டும் விடுக்கப்பெற்றது. அச்சபையின் எல்லைக்குட்பட்ட உடைமையைப் பற்றியே அது பேசுகின்றது. இத்துணை விரிந்த உறவினர்க்கு வேறு ஊர்களிலும் நிலம் இருந்திருத்தல் கூடும். அவ்வூர்களுக்கும் ஆணைகள் சென்றிருத்தல் கூடும். அவை கல்லில் ஏறாமற் போயிருக்கலாம். ஏறிய கற்கள் திருப்பணியில் அழிந்தும் இருக்கலாம். எஞ்சிய ஒன்றைக் கொண்டு எல்லாம் அதுவே எனல் பொருந்தாது. இவர்கள் இவ்வூரையே பிறப்பிடமாகக் கொண்டவர் என்பதும் இவ்வாறே ஐயத்திற்குரியது. உடைமை ஓரிடத்திருத்தல் பிறப்பிற்குச் சான்றாகாது.

மூன்றாவதாக, செப்பேட்டின் கூற்று. உத்தம சோழன் நாட்டை விரும்பினான் என்பதற்கு அது சான்று. கொலையை விரும்பினான் என்பதற்கன்று. கண்டராதித்தனின் மைந்தனாகிய அவனுக்கு அரசுரிமை கோரத் தக்க காரணம் இருந்தது. மேலும், அச்செப்பேடு இராசராசனின் மைந்தன் முதலாம் இராசேந்திரன் காலத்தது. தன் தந்தையின் பெருந்தன்மையைப் போற்றும் குடும்பத்தின் கூற்று அது. உத்தம சோழன் தரப்பில் அவ்வாறு எழுந்து நிற்கும் கூற்று இல்லை. ஒரு தரப்பின் ஆவணம் மட்டும் கிடைக்கும்போது மறுதரப்பின் மௌனத்தை ஒப்புதலாகக் கொள்ளுதல் நீதியன்று.

நான்காவதாக, பின்னிகழ்ச்சிகள். இராசராசன் தன் ஆட்சியில் உத்தம சோழனின் அன்னையாகிய செம்பியன் மாதேவியாரைப் பெரிதும் மதித்தான். உத்தம சோழனின் மைந்தன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தான். ஒரு குற்றவாளியின் மாமனுக்கும் மருமகனுக்கும்கூட நிலம் இழப்பை விதித்த அதே மன்னன், கொலையைத் தூண்டியவன் எனத் தான் கருதிய ஒருவனுடைய மகனை உயர்பணியில் வைத்திருப்பானா? உறவுவழி நீளும் தண்டனையையே நெறியாகக் கொண்ட காலத்தில் இவ்வேறுபாடு நம் கருத்தைக் கவர்தல் வேண்டும். இதனால் உத்தம சோழன் குற்றமற்றவன் என்பது முற்ற முடிந்துவிட்டதெனக் கூறவில்லை. அரசியற் காரணம் பற்றியும் மன்னர் பகைமையை மறைத்தல் உண்டு. இராசராசன் அவனைக் குற்றவாளியெனக் கருதியதற்கு அறிகுறி இல்லை என்பதே இச்சான்றின் அளவு.

5. பெயரைக் கொண்டு ஆளைத் துணிதல்

உத்தம சோழனை விடுவிக்க விரும்பினோர் சிலர், பழியை வேறிடத்தில் ஏற்ற முற்பட்டனர். பஞ்சவன் என்பது பாண்டியர்க்குரிய பெயர். ஆதலின் இரவிதாசன் பாண்டியர் பணியாளன். வீரபாண்டியனின் தலைகொண்ட ஆதித்தனை அதற்கு வஞ்சந்தீர்க்கக் கொன்றான் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு இனிதாயினும் இதுவும் பெயரொன்றின்மேல் எழுப்பிய மாளிகையே.

பாண்டியரை வென்ற சோழர் தாமே பஞ்சவன் என்னும் பெயரை மேற்கொண்டனர். இராசராசனின் தேவியருள் ஒருவர் பஞ்சவன் மாதேவியார். இராசேந்திரனுக்கும் இளவரசுக் காலத்தில் பஞ்சவன் மாராயன் என்னும் பெயர் வழங்கியது. அதனால் அவர்களைப் பாண்டியர் எனக் கூறுவாரில்லை. மேலும், இரவிதாசனின் தம்பி தாங்கிய பெயர் இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்பது. அண்ணன் பட்டத்தைக் கொண்டு பாண்டியச் சார்பு கூறுவோர், தம்பி பட்டத்தைக் கொண்டு சோழச் சார்பு கூறவேண்டிய நிலைக்கு ஆளாவர். பிரமாதிராசன் என்பது அந்தணர் குலத்து உயர் அலுவலர்க்கு அரசர் அளித்த சிறப்புப்பெயர். ஆதலின், இவர்கள் சோழ அரசின் உயர் அலுவலராயிருந்தவர் என்பதே பெயர்களால் பெறப்படும் இயல்பான முடிபு. கொலைக்குரிய காரணம் யாது, நிகழ்ந்த இடம் யாது, தூண்டியவர் எவர் என்பவற்றைச் சாசனம் கூறவில்லை.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய பொன்னியின் செல்வன், இவ்விரவிதாசனைத் தமிழுலகம் முழுதும் அறிந்த பாத்திரமாக்கியது. புதினம் தன் உரிமைக்குட்பட்டே நடந்தது. அதிற் குறை காண்பதற்கில்லை. ஆனால், புதினத்தில் அறிந்த மனிதனையே கல்வெட்டிலும் காண முற்படும் படிப்பாளியின் மயக்கம் களையத்தக்கது. கல்லில் உள்ள இரவிதாசனுக்கு ஒரு பெயரும், ஒரு பட்டமும், ஒரு தம்பியும், ஒரு குற்றச்சாட்டும் மட்டுமே உண்டு.

6. ஆவணத்தில் எஞ்சிய அன்னை

இச்சாசனத்தில் மன்னரும் இளவரசரும் பட்டம் தாங்கிய அலுவலரும் அல்லாத ஒருவரும் இடம்பெறுகின்றார். உடைமை இழந்தோர் வரிசையில் மலையனூரானாகிய இரேவதாச கிரமவித்தன் என்பானும், அவன் மகனும், அவன் தாய் பெரிய நங்கைச் சாணியும் குறிக்கப்பெறுகின்றனர். வரலாற்று நூல்கள் உத்தம சோழன் குற்றவாளியா அல்லனா என வாதிட்ட அளவுக்கு இவ்வன்னையைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை.

இவருடைய பெயர் ஆயிரம் ஆண்டு கடந்து நம்மை அடைந்ததற்கு ஒரே காரணம், இவர்தம் உடைமை பறிக்கப்பட்டமையே. இவர் கொலைச் சதியை அறிந்தவர் என்றோ அறியாதவர் என்றோ சாசனம் கூறவில்லை. அதனை ஆராய்தல் அச்சாசனத்திற்கு வேண்டாததாயிற்று, உறவே போதுமானதாயிற்று. உத்தரமேரூரில் கணக்குக் காட்டாதவனின் மருமகன் ஓலையில் இடம் இழந்தான். உடையார்குடியில் உறவினர் நிலத்தையே இழந்தனர். ஆவணத்தில் ஒருவர் பெயர் இருப்பது வேறு, அவர் குற்றம் செய்தார் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய முறையை நாம் பண்டைய அரசின் கடுமை என்கின்றோம். ஆனால், பெயரொன்றையும் ஆண்டொன்றையும் பிணைத்து ஒருவனைக் கொலைஞன் எனத் துணியும்போது, நாமும் அம்முறையையே கைக்கொள்கின்றோம் என்பதை மறக்கின்றோம்.

முடிவுரை

பொது ஆவணங்களில் மாந்தர் வரலாறு தேடுவோர் மூன்று வினாக்களைத் தம்முள் கேட்டுக்கொள்ளல் நன்று. இவ்வாவணம் எதற்காக எழுதப்பெற்றது? இதிற் குறிக்கப்பெற்றவரே நாம் தேடும் ஆள் என்பதற்குப் பெயரன்றி வேறு அடையாளம் உண்டா? ஆவணம் கூறியது எது, நாம் கூட்டியது எது? உடையார்குடிச் சாசனத்தை இவ்வினாக்களோடு படிப்பின், நிலம் விற்கப்பட்டது, அது துரோகிகள் எனப்பட்டோரின் சுற்றத்தாருடையது, ஆணையிட்டவன் இராசராசன் என்னும் மூன்றும் உறுதியாக நிற்கும். உத்தம சோழன்மேல் எழுந்த குற்றச்சாட்டும், பாண்டியர் வஞ்சம் என்னும் கொள்கையும் கருதுகோள் என்னும் வரிசையிலேயே அமையும். புதிய கல்வெட்டு வெளிப்பட்டு இம்முடிபை மாற்றுமாயின் அதனை மகிழ்ந்து ஏற்போம். அதுவரை, தம் தரப்பைக் கூற மீண்டு வரவியலாத மாந்தர்க்கு நாம் செய்யத்தக்க நீதி, ஆவணத்தின் அளவறிந்து பேசுதலே ஆகும்.